யார் இந்த ழுவோ துப்ரேய்? தூணின் உச்சியைப் பார்த்தே கோயிலுக்கு வயது சொன்ன புதுச்சேரி பேராசிரியர்

பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலையோ, திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலையோ மனதில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே நுழைந்ததும் நாம் என்ன பார்ப்போம்? கோபுரம், கொடிமரம், அப்புறம் நேரா சாமி. தூணைப் பார்ப்போமா? அப்படியே பார்த்தாலும், அதன் உச்சியில் உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சின்னக் கல்லைப் பார்ப்போமா? பெரும்பாலும் இல்லை.

அந்தக் கல்லுக்குப் போதிகை என்று பெயர். அதன் வெட்டு வளைவாக இருக்கிறதா, சாய்வாக இருக்கிறதா, பூமொட்டு தொங்குகிறதா என்பதை வைத்தே அந்தத் தூண் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததா, 10-ஆம் நூற்றாண்டா, 17-ஆம் நூற்றாண்டா என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இன்று தொல்லியல் படிக்கும் மாணவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். நூறு வருடத்துக்கு முன்னால் இதை வரிசைப்படுத்தி, படம் போட்டு எழுதி வைத்தவர் புதுச்சேரியில் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் கப்ரியேல் ழுவோ துப்ரேய்.

பல்லவர் கலை பற்றிப் பேசினால் இவர் பெயர் வரும். அரிக்கமேடு பற்றிப் பேசினாலும் வரும். காஞ்சிபுரம் பகுதியிலிருந்து வெளிநாடு போன சிலைகளைப் பற்றிப் பேசும்போதும் இதே பெயர் வரும். அதனால்தான் இவருடைய கதையை முழுசா தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சைகோனில் பிறந்தவர் புதுச்சேரிக்கு வந்தது எப்படி?

ழுவோ துப்ரேய் 1885-இல் சைகோனில் பிறந்தார். இன்றைய வியட்நாமின் ஹோ சி மின் நகரம்தான் அது. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இந்தியாவிலும் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தர்நகர் என்று அவர்களுக்கு ஐந்து இடங்கள் இருந்தன. ஒரு காலனியில் பிறந்தவர் இன்னொரு காலனிக்கு வேலைக்குப் போவது அந்தக் காலத்தில் சாதாரணம். 1909 வாக்கில் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அப்போது அவருக்கு வயது 24.

அன்றைய பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டு நிலம் கிடையாது. இன்றும் வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர் என்று ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரும். அன்று அந்த நடுப்பகுதிகள் பிரிட்டிஷ் நிலம். ஒருவர் புதுச்சேரி நகரத்தில் கிளம்பிப் பாகூருக்குப் போக வேண்டும் என்றால் ஒரு பேரரசை விட்டு இன்னொரு பேரரசுக்குள் போய், மறுபடியும் பழைய பேரரசுக்குள் வர வேண்டும். ஆனால் கோயில் கட்டியவர்களுக்கு இந்தக் கோடு தெரியாது. பாகூர்த் தூணும் கடலூர்த் தூணும் ஒரே மரபு. துப்ரேய் இந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டித்தான் கோயில்களைப் பார்த்தார்.

அப்போது என்ன பிரச்சினை?

எந்த ஊர்க் கோயிலுக்குப் போய் வயது கேட்டாலும் ஆயிரம் வருஷம், இரண்டாயிரம் வருஷம் என்று பதில் வரும். தலபுராணத்தைக் கேட்டால் யுகக் கணக்கு. இதில் எது நிஜம்?

19-ஆம் நூற்றாண்டில் சிலர் இதற்கு விடை தேட முயன்றார்கள். தஞ்சாவூர்க்காரரான ராம் ராஸ் சிற்ப சாஸ்திரச் சுவடிகளைப் படித்து, அவற்றை விளக்கி எழுதிய நூல் 1834-இல் லண்டனில் வெளியானது. இந்தியக் கட்டடக்கலை பற்றி ஓர் இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடி நூல் அது. அடுத்து ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பெர்குசன், 1876-இல் இந்தியா முழுவதுக்குமான கட்டடக்கலை வரலாற்றை வெளியிட்டார். திராவிட பாணி என்று தனியாக ஒரு தலைப்பும் கொடுத்தார். 1880-களின் பின்பகுதியிலிருந்து ஹுல்ட்ஸ் போன்றவர்கள் கல்வெட்டுகளை ஒழுங்காகப் படித்து அச்சிட ஆரம்பித்தார்கள்.

இருந்தாலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கல்வெட்டு இருக்கும் கோயிலுக்கு வயது சொல்லலாம். கல்வெட்டே இல்லாத கோயிலுக்கு? ஒரு கோயிலின் கருவறை ஒரு காலம், மண்டபம் இன்னொரு காலம், கோபுரம் வேறொரு காலம் என்றால் எதை வைத்துப் பிரிப்பது?

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் பெரிய பெரிய திருப்பணிகள் நடந்தன. பர்மா, மலேயா, இலங்கை வணிகத்தில் பொருள் சேர்த்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பல கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பாழடைந்து கிடந்த எத்தனையோ கோயில்களில் மறுபடி விளக்கெரிந்தது. அதே சமயம் பழைய சன்னதிகள் சிலவற்றைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் பளபளவென்று புதுக் கருங்கல்லில் எழுப்பினார்கள். பழைய கல் போனால் அதன் கல்வெட்டும் போகும். எது பழசு, எது புதுசு என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்கள் அப்போது அதிகம் இல்லை.

துப்ரேய் கண்டுபிடித்த வழி என்ன?

ஐரோப்பியக் கட்டடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூணின் தலைப்பகுதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். சாதாரண வளையம் இருந்தால் டோரிக். இரண்டு பக்கமும் சுருள் இருந்தால் அயோனிக். இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன். புதுச்சேரி பாரதி பூங்கா நடுவில் இருக்கும் வெள்ளை நிற ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டில் கிரேக்க–ரோமானிய பாணியில் கட்டியது. அங்கே போய் நிமிர்ந்து பார்த்தாலே இது உள்ளூர் மரபு இல்லை என்பது தெரிந்துவிடும்.

இதே மாதிரி தமிழ்நாட்டுத் தூணுக்கும் ஒரு கணக்கு இருக்கத்தானே வேண்டும்? துப்ரேய் அதைத்தான் தேடினார்.

அவர் செய்தது எளிமையான வேலை, ஆனால் பொறுமை அதிகம் வேண்டும். கல்வெட்டால் காலம் உறுதியான கோயில்களை முதலில் எடுத்துக்கொண்டார். அங்கே போதிகை எப்படி இருக்கிறது, கூரை விளிம்பில் இருக்கும் கூடு எப்படி இருக்கிறது, தூணின் உடல் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். காலவரிசையில் அடுக்கிப் பார்த்தபோது வடிவங்கள் படிப்படியாக மாறியது தெரிந்தது. ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாக அப்பனிடமிருந்து பிள்ளை என்று தொழில் கற்றவர்கள். திடீரென்று ஒரே நாளில் வடிவம் மாறாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். அந்த மாற்றத்தின் வரிசை தெரிந்துவிட்டால், கல்வெட்டே இல்லாத தூணையும் அந்த வரிசையில் ஓர் இடத்தில் வைத்துவிடலாம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பெரிய சிலையை, பெரிய கோபுரத்தைப் பழைய மாதிரியே செய்ய ஒருவர் முயற்சி செய்யலாம். யாரும் கவனிக்காத சின்ன உறுப்பில் மட்டும் அவரவர் காலத்துக் கை தன்னை அறியாமலே வந்துவிடும்.

ஏட்டில் மட்டும் தேடவில்லை

துப்ரேய் சுவடியோடு நிற்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்த ஸ்தபதிகளிடமே போனார். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் அந்தச் சமயம் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. பாகூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். கட்டடத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் வேலைக்காரர்கள் வாயில் என்ன பெயர் புழங்குகிறது என்று தெரிந்துகொள்ள இப்படிப்பட்ட இடங்கள்தான் அவருக்கு உதவின. பழைய கோயிலைப் புரிந்துகொள்ள, புதிதாகக் கட்டுகிறவரிடம் பாடம் கேட்டார். அவர் எழுதிய வரலாற்றில் பெயர் தெரியாத அந்தக் கைவினைஞர்களுக்கும் பங்கு இருக்கிறது.

இதன் பலன் 1914-இல் பாரிசில் வெளியானது. தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய இரண்டு தொகுதிகள். ஒன்று கட்டடக்கலை, இன்னொன்று சிற்ப வடிவங்கள். பாரிஸ் பல்கலைக்கழகம் இதற்காக அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. கட்டடக்கலை பகுதியின் சாரம் 1917-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வந்தது. பதிப்பித்தவர் வரலாற்றாசிரியர் எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார்.

ஐந்து காலம்: நீங்களே பார்த்துச் சொல்லலாம்

துப்ரேய் தமிழ்நாட்டுக் கோயில் கலையை ஐந்து காலமாகப் பிரித்தார். ஆண்டுகள் அவர் வைத்த தோராயமான எல்லைகள். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது மொபைலில் இதைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

1. பல்லவர் (600–850): போதிகை வளைவாக இருக்கும். வளைவின் மேல் அலை அலையாக வரிகள் ஓடும். தரங்கப் போதிகை என்பார்கள். ஆரம்பகாலக் குடைவரைகளில் தூண் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. பிறகு தூணின் அடியில் சிங்கம் வந்து உட்காரும். கூட்டின் உச்சி மண்வெட்டி மாதிரித் தட்டையாக இருக்கும்.

2. சோழர் (850–1100): வளைவு போய், போதிகையின் முனை சாய்வாக வெட்டியது போல இருக்கும். நடுவில் ஒரு துண்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இதற்கு வெட்டுப் போதிகை என்று பெயர். கூட்டின் உச்சியில் மண்வெட்டி இருந்த இடத்தில் சிங்க முகம் வந்துவிடும்.

3. பாண்டியர் (1100–1350): கோபுரங்கள் பெரிதாகும். போதிகையின் துருத்திய பகுதி மெல்லக் கீழ்நோக்கி வளைய ஆரம்பிக்கும்.

4. விஜயநகரம் (1350–1600): துருத்திய பகுதி பூமொட்டாக மாறும். கல்யாண மண்டபம், குதிரை வீரன் தூண், யாளித் தூண் எல்லாம் இந்தக் காலத்தில்தான் களைகட்டும்.

5. மதுரை பாணி (1600-க்குப் பின்): மொட்டு நீண்டு, வாழைப்பூ போலத் தொங்கும். நீளமான பிராகாரம், வரிசையாகத் தூண்கள். 19-ஆம் நூற்றாண்டுத் திருப்பணிகளும் இந்தக் கணக்கில்தான் வரும். நம்ம ஊர்க் கோயில் மண்டபங்களில் நிமிர்ந்து பார்த்தால் அதிகம் கண்ணில் படுவது இந்த வாழைப்பூதான்.

இது சட்டப் புத்தகம் இல்லை. ஊருக்கு ஊர் விதிவிலக்கு உண்டு. பழைய தூணைப் பிடுங்கிப் புது மண்டபத்தில் நட்டிருப்பார்கள். பிற்கால ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலை நிறையவே திருத்தி, நுணுக்கமாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் கட்டடத்தின் உறுப்பைக் காலவரிசையில் அடுக்கிப் பார்ப்பது என்ற அடிப்படை இன்றும் அப்படியே நிற்கிறது.

பயிற்சிக்கு எங்கே போகலாம்?

கிராமப் புதுச்சேரியிலேயே நல்ல இடங்கள் உண்டு. விடை தெரிந்த கோயில்களில் ஆரம்பிப்பதுதான் சரி. திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தோடு தொடர்புள்ளது. மதகடிப்பட்டு குண்டாங்குழி மகாதேவர் கோயில் முதலாம் ராஜராஜன் காலம். பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் கல்வெட்டுகளோடு, தக்கோலப் போரில் சோழரை வென்ற ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் கல்வெட்டும் இருக்கிறது. மூன்றுமே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை.

பாகூரின் பெருமை அதற்கும் முந்தையது. 1879-இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் ஒரு பெரிய வித்தியாஸ்தானம் நடந்திருக்கிறது.

இந்த மூன்று கோயில்களிலும் தூண், கூடு, போதிகை எல்லாவற்றையும் பார்த்துப் பழகிவிட்டு, பல காலக் கட்டுமானம் கலந்து நிற்கும் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். எது முன்னால், எது பின்னால் என்று கண் தானாகவே பிரிக்க ஆரம்பிக்கும்.

பல்லவரைத் தேடி

புத்தகம் வந்த பிறகும் துப்ரேய் நிற்கவில்லை. பல்லவர் அவரை விடவில்லை. தளவானூர், மாமண்டூர், பனமலை என்று வட தமிழ்நாட்டில் குன்று குன்றாக ஏறி இறங்கினார். 1916-இலும் 1918-இலும் பல்லவர் தொல்பொருட்கள் பற்றி இரண்டு நூல்களை வெளியிட்டார். இடையில் 1917-இல் பல்லவ மன்னர்களின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். 1920-இல் தக்காணத்தின் பழைய வரலாறு பற்றிய நூல் வந்தது.

அடுத்து ஓவியம். புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் குடைவரையின் ஓவியங்களை 1920-இல் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1931-இல் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களின் மிச்சத்தைக் கண்டார். அதுவரை பலர் கவனிக்காமல் கடந்துபோன சுவர் அது.

தப்பே செய்யாதவரா?

இல்லை. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனோடு சேர்த்துப் பேசினார். பிறகு அங்கே படிக்கப்பட்ட கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் நடந்த சமணத் திருப்பணியைக் காட்டியது. கேரளத்தில் பாறையில் குடைந்த ஈமக்குகைகளை வேதகால வேள்வியோடு இணைத்து 1922-இல் எழுதினார். பெருங்கற்காலப் புதைப்பிடங்கள் என்பதுதான் இன்றைய முடிவு. பல்லவர் மேல் இருந்த பற்று சில இடங்களில் கண்ணை மறைத்திருக்கலாம். புத்தகத்தில் அவர் வகுத்த முறையை வைத்தே பிறகு வந்தவர்களால் அவரைத் திருத்தவும் முடிந்தது.

அரிக்கமேட்டில் கிடைத்த முகம்

1930-களின் பின்பகுதி. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பு பக்கம் ஒரு மேடு. மழை பெய்தால் மண் கரைந்து வண்ண வண்ண மணிகள் மேலே வரும். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். அப்படிக் கிடைத்த பொருட்கள் துப்ரேயிடம் வந்தன. அவற்றில் ஒரு கல்லில் ஓர் ஆண் முகம் செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசன் அகஸ்டஸின் முகம் என்று அவர் முடிவு செய்தார். இந்த மேட்டுக்கு அடியில் ரோமோடு வணிகம் செய்த ஊர் இருக்கிறது என்று அதிகாரிகளிடம் சொன்னார்.

1940-களில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோண்டினார்கள். 1945-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்டிமர் வீலர் வந்து முறையாக அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெட்சோ நகரத்துப் பாணிச் சிவப்பு மட்பாண்டம், மது கொண்டுவந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகள் எல்லாம் கிடைத்தன. ரோமானியப் பானைக்குக் காலம் தெரியும். அதே மண் அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைக்கும் அதனால் காலம் தெரிந்தது. தென்னிந்திய அகழாய்வுகளுக்கே ஓர் ஆண்டுக்கணக்கு கிடைத்தது இங்கிருந்துதான். யோசித்துப் பாருங்கள், போதிகையில் துப்ரேய் செய்த அதே கணக்கு. காலம் தெரிந்த ஒன்றை வைத்து, பக்கத்தில் இருக்கும் தெரியாத ஒன்றின் காலத்தைச் சொல்வது.

வீலர் தோண்டிய அதே 1945-இல் துப்ரேய் இறந்துபோனார். வயது 60.

இங்கேதான் கதை கசக்கிறது

துப்ரேய்க்கு இன்னொரு முகமும் இருந்தது. 1920-களில் பாரிசில் சி.டி.லூ என்ற சீனக் கலைப்பொருள் வியாபாரி கொடிகட்டிப் பறந்தார். ஆசியச் சிலைகளை வாங்கி ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு விற்பது அவர் தொழில். அவருக்காகத் தென்னிந்தியாவில் பொருள் தேடிக் கொடுத்தவர்களில் துப்ரேயும் ஒருவர்.

காஞ்சிபுரம் பகுதியில் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினி சிலைகள் இருந்தன. கருங்கல் தேவியர். 1926 வாக்கில் துப்ரேய் வழியாக அவை பாரிஸ் போய், லூ கைக்குச் சேர்ந்தன. அங்கிருந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலைபோயின. இன்று ஒன்று வாஷிங்டனில், ஒன்று மினியாபொலிஸில், ஒன்று டெட்ராய்ட்டில், ஒன்று டொராண்டோவில், ஒன்று லண்டனில், ஒன்று பாரிசில் என்று அக்காள் தங்கைகள் கண்டம் கண்டமாகப் பிரிந்து நிற்கிறார்கள். கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல், சிதறிய தேவியர் என்று பொருள்படும் தலைப்பில் 2012-இல் இந்தக் கதையை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார்.

இழப்பு சிலையோடு முடியவில்லை. அந்தத் தேவியர் எந்தக் கோயிலில், யாருக்குப் பக்கத்தில் யார், எந்தத் திசை பார்த்து இருந்தார்கள் என்று இன்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை. ஒரு போதிகை தன் வயதைச் சொல்ல வேண்டும் என்றால் அது தூணின் மேல் இருக்க வேண்டும், தூண் மண்டபத்தில் இருக்க வேண்டும், மண்டபம் ஊரில் இருக்க வேண்டும். இதை நமக்குக் கற்றுக்கொடுத்தவரே, சிலைகளை இடத்திலிருந்து பெயர்த்து அனுப்பும் வேலையிலும் இருந்தார் என்பதுதான் உறுத்துகிறது.

அவர் காலத்தில் பலர் இதைத் தப்பாகவே நினைக்கவில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் சிலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கட்டுமே என்ற வாதம் அன்று பலருக்கு நியாயமாகப் பட்டது. அந்த வாதம் இன்றும் முழுசா ஓய்ந்துவிடவில்லை. ஆனால் விற்றவர், வாங்கியவர் என்று இரண்டு பக்கத்தையும் கேட்ட உலகம், கும்பிட்ட ஊரை மட்டும் கேட்கவில்லை.

இப்போது திருப்பிக் கேட்க முடியாதா?

சட்டப்படி கஷ்டம். தொல்பொருட்களை நாட்டை விட்டுக் கொண்டுபோவதற்கு இன்றிருக்கும் கடுமையான கட்டுப்பாடு 1972 சட்டத்தோடு வந்தது. திருட்டுக் கலைப்பொருட்களுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-ஐச் சேர்ந்தது. 1926-இல் போன பொருளை இவை நேரடியாகத் தொடாது. அண்மைக் காலத்தில் திரும்பி வந்த சிலைகள் பெரும்பாலும் 1970-க்குப் பிறகு திருடுபோனவை.

அப்படித் திரும்பியவற்றில் பிரபலமானது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கிய அந்தச் சிலை 2014-இல் இந்தியா வந்தது. அது நம்ம சிலைதான் என்று நிரூபிக்க உதவியது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். 1955-இல் தொடங்கிய அந்த நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் அவை இருந்த இடத்திலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து வைத்திருக்கிறது. துப்ரேய் ஆரம்பித்து வைத்த புதுச்சேரி ஆய்வு மரபின் வேறொரு கிளை இது. ஒன்றையும் பெயர்க்காமல் பதிவு மட்டும் செய்த கிளை.

பாகூரிலேயே அப்படி ஒருவர் இருந்தார். பாகூர் புலவர் சு.குப்புசாமி. புதுச்சேரி வட்டாரக் கல்வெட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். அவர் தொகுத்தவை, கு.விஜயவேணுகோபால் பதிப்பில் புதுச்சேரிக் கல்வெட்டுகள் என்ற நூலாக 2006-இல் வெளிவந்தன. திருபுவனையும் மதகடிப்பட்டும் பாகூரும் பற்றி இன்று யார் எழுதினாலும் அந்தத் தொகுப்பைத் தாண்டிப் போக முடியாது.

நமக்கு இதில் என்ன வேலை?

ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஓர் ஊரில் திருப்பணி, கும்பாபிஷேகம் நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அவசரத்தில் பழைய தூணுக்குப் பெயிண்ட் அடிப்பது, கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டுவது, மணல் வீச்சு இயந்திரத்தால் கல்லைச் சுரண்டுவது, பழைய மண்டபத்தைப் பிரித்து மூலையில் போடுவது எல்லாம் நடக்கிறது. சிலை வெளிநாடு போனால் ஒரு நாள் திரும்பி வரலாம். சுரண்டிப் போட்ட எழுத்து திரும்பி வராது.

துப்ரேயிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாதி எது, விட வேண்டிய பாதி எது என்பது தெளிவு. நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக்குக் கொட்டகை போடும் முன்னால், கையில் இருக்கும் மொபைலில் ஒவ்வொரு தூணையும், ஒவ்வொரு போதிகையையும், சுவரில் தெரியும் ஒவ்வொரு எழுத்தையும் படம் எடுத்து வைத்துவிடுங்கள். கோயில் அனுமதிக்கும் இடத்தில் மட்டும். எந்தத் தூண், எந்தப் பக்கம், என்ன தேதி என்று ஒரு வரி சேர்த்து எழுதி வையுங்கள். கல்வெட்டு தெரிந்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

பாகூருக்கோ வில்லியனூருக்கோ அடுத்த தடவை போகும்போது சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே ஒரு தூணடியில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். வளைவா, வெட்டா, வாழைப்பூவா? பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.